பச்சை உடம்பு காய எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் பிரசவம், சிசேரியன். குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகிறது. ஆறு வாரம் முடிந்தால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. நின்றிருந்த உதிரப்போக்கு, துணி மூட்டையைத் தூக்கிய அன்று மறுபடி லேசாகத் தெரிந்தது. தையலுக்கு மேலே தொட்டால் மரத்துப்போயிருக்கிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. குழந்தை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு வரை விட்டுவிட்டு அழுகிறான். பால் போதவில்லை என்கிறார் மாமியார். பிறந்தபோது அவன் எடை 2.9 கிலோ, நான்காம் நாள் வீட்டுக்கு வரும்போது 2.7, நேற்று 3.7. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் கழிக்கிறான். அவன் அழும்போது நானும் அழுகிறேன். அவன் நிறுத்திய பிறகும் எனக்கு நிற்பதில்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் கணவர் இரவில் அடுத்த அறையில் படுக்கிறார். பால் கொடுத்த நேரத்தைக் குறிக்கும் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பின்குறிப்பு: குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது அவன் என் கையிலிருந்து விழுவது போல ஒரு காட்சி கண் முன்னால் வருகிறது. இப்போது படியில் இறங்குவதையே விட்டுவிட்டேன். எல்லோரும் சொல்கிற அந்தப் பாசமும் எனக்கு வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் கெட்ட தாயா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் பெண்கள் பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து வாசல் வரை போய்விடுவார்கள். பிறகு கதவில் கை வைத்தபடி திரும்பி, ‘டாக்டர், இன்னொரு விஷயம்…’ என்பார்கள். அவர்கள் வந்ததே அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான். உங்கள் பின்குறிப்பும் அப்படித்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தையலையும் உதிரப்போக்கையும் பிறகு பார்ப்போம்.

நீங்கள் கெட்ட தாய் இல்லை. படியில் வரும் அந்தக் காட்சியைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் உலகத்தில் தனக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு தாயும் நினைத்துக்கொள்கிறாள். குழந்தை கை நழுவுவது, குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் போய்விடுவது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது, ஏன், தன் கையாலேயே ஏதாவது செய்துவிடுவோமோ என்பது வரை, புதிதாகப் பிள்ளை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கொடுங்காட்சி அழைக்காமலே வந்து போகிறது. நானாகக் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை. கேட்டதும் பலர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிடுவார்கள், இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைத்த அழுகை அது. பச்சிளம் குழந்தையின் தாய்க்கு மனம் இருபத்து நான்கு மணி நேரமும் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் கெட்டால் அந்தத் தேடல் இன்னும் கூடும். காட்சி வந்ததும் நீங்கள் நடுங்கிப்போய்ப் படியையே தவிர்த்தீர்கள், இல்லையா? அந்த நடுக்கத்தைத்தான் மருத்துவர்கள் முதலில் கவனிப்போம். அது உங்கள் விருப்பம் இல்லை, உங்கள் பயம். பயத்தை விருப்பம் என்று தவறாகப் படித்துக்கொண்டு ஐந்து வாரமாக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு நிலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், மனம் நிஜத்திலிருந்தே விலகிப்போகும். தூக்கமே தேவையில்லாதது போல இருப்பார்கள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்கும். பேச்சு தொடர்பறுந்து போகும். குழந்தைக்குத் தீங்கு செய்வதுதான் சரி என்றுகூடத் தோன்றும். அந்த எண்ணத்தைக் கண்டு உங்களைப் போல நடுங்கும் பயம் அதில் பெரும்பாலும் இருக்காது. அது அவசர சிகிச்சைக்கு உரியது, மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறிகள் தெரியவில்லை. ஆனால் செத்துப்போனால் தேவலாம் என்றோ, நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருப்பான் என்றோ ஒரு தடவை தோன்றினாலும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது அழுகை. நஞ்சுக்கொடி வெளியேறியதும், ஒன்பது மாதமாக ஏறி உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்கள் சில நாட்களுக்குள் தரைமட்டத்துக்கு இறங்கிவிடுகின்றன. அதோடு பால் கட்டுவதும் தூக்கம் கெடுவதும் சேரும். அதனால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் காரணமே இல்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு நடப்பதுதான். அது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை. ஐந்தாவது வாரத்திலும் தினமும் அழுகிறீர்கள், ஒரு வேலையைத் தவிர்க்கும் அளவுக்குப் பயமும் இருக்கிறது. எழுத்தைப் படித்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பக்கூடிய கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பெண்களுக்கு வருகிறது. சர்க்கரை நோய் போல, இரத்த அழுத்தம் போல அதுவும் ஒரு நோய். குணமாகக்கூடிய நோய்.

அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவான ‘எடின்பரோ அளவுகோல்’ என்ற கேள்வித்தாளில் பத்தே கேள்விகள்தான். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, தூங்க நேரம் கிடைத்தும் மனவருத்தத்தால் தூக்கம் வராமல் இருந்ததா என்கிற மாதிரியான கேள்விகள். பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். தமிழ் வடிவமும் இருக்கிறது. மதிப்பெண் கூடுதலாக வந்தால் நோய் என்று பொருளாகாது. மருத்துவர் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும் என்று பொருள். நீங்களே கேட்டு வாங்கி எழுதுங்கள். கூடவே இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் படபடப்பையும் பிறகு சோர்வையும் கொடுக்கும். இரத்தசோகையும் மனச்சோர்வின் வேஷம் போட்டுக்கொண்டு வரும். மனநலச் சிகிச்சை தேவைப்பட்டால் மனநல ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். மாத்திரை தேவைப்பட்டாலும் பாலை நிறுத்த வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே செல்கின்றன. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் மருத்துவர் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்.

பாசம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையை நெஞ்சில் வைத்த நொடியிலேயே பாசம் பொங்கியவர்கள் உண்டு. சில வாரம், சில மாதம் கழித்து வந்தவர்களும் பலர் உண்டு. அறுவை சிகிச்சை, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே அதைத் தள்ளிப்போடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் மகன் இதுவரை உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான் வரும். ஐந்து வாரமாக நீங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், அந்தப் பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் அழுகை. ஒருதலையான உழைப்பில் மனம் வறண்டுபோவது இயல்புதான். சிகிச்சை பெற்ற தாய்மார்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும்போது, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் கையிலேயே வித்தியாசம் தெரியும். முன்பு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தவர்கள் இப்போது இடுப்பில் சாய்த்துக்கொண்டு என்னோடு பேசுவார்கள்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கம். அதை மூன்று முறை படித்தேன். இரவு 12.20, 1.50, 4.05, காலை 6.30, 8.10, 10.45, பகல் 1.15, 3.40, மாலை 5.30, 6.20, 7.15, இரவு 9.40. ஒரு நாளில் பன்னிரண்டு முறை. மூன்றாவது வரியில் பேனா வழுக்கி ஒரு கோடு பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எழுதும்போதே கண் அயர்ந்திருக்கிறீர்கள்.

முதலில் குழந்தைக்காக அந்தப் பக்கத்தைப் படிப்போம். கைக்குழந்தைகள் ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிப்பது வழக்கம். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம், 2.9 கிலோ 2.7 ஆனது அதற்குள் அடங்குகிறது. அதன் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் நல்லது. உங்கள் மகன் ஒரு மாதத்தில் ஒரு கிலோ கூடியிருக்கிறான். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 30 கிராமுக்கும் மேல். சிறுநீர் ஆறு முறைக்குக் குறையவில்லை. பால் போதவில்லை என்பதற்கு இதில் ஒரு தடயம்கூட இல்லை. மார்பு முன்போல் கனக்கவில்லையே என்று நீங்கள் கவலைப்பட்டிருக்கலாம். தேவைக்கேற்பச் சுரக்க உடம்பு பழகிக்கொண்டால் அந்தக் கனம் குறைந்துவிடும். உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தை அழுதால் பசி என்று நினைப்பது பெரியவர்களின் அக்கறை. எடை குறித்த அட்டையை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வாதம் செய்ய வேண்டியதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை.

மாலையில் 5.30, 6.20, 7.15 என்று நெருக்கி நெருக்கிக் குடிக்கிறான் பாருங்கள், பல குழந்தைகள் மாலையில் இப்படித்தான். அழுகையும் அந்த நேரத்தில்தான் கூடும். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962-இல் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே, உங்கள் நோட்டைப் போல நேரம் குறிக்கச் செய்தார். அழுகை வாரா வாரம் ஏறி, ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகி, பிறகு இறங்கியது. இவையெல்லாம் நோயில்லாத குழந்தைகள். ஆகவே அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடினாலும் திகைக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டு நடந்தும் அழுகை நிற்கவில்லை, உங்களுக்குத் தலைக்கேறுகிறது என்றால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வெளியே வந்து பத்து நிமிடம் உட்காருங்கள். அழுது குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். இதை வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போது அதே பக்கத்தை உங்களுக்காகப் படிக்கிறேன். குழந்தையின் பெயர் எழுதிய பக்கத்தில் தாய்க்கு இடமே இல்லை. இரவில் நீண்ட இடைவெளி 4.05-க்கும் 6.30-க்கும் நடுவில், இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அதில் பால் கொடுத்து, ஏப்பம் வரத் தட்டி, துணி மாற்றித் தூங்க வைக்க முக்கால் மணி நேரமாவது போயிருக்கும். நீங்கள் படுத்ததும் கண் மூடியிருந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான் தூங்கியிருப்பீர்கள். ஐந்து வாரமாக இப்படி. நல்ல ஆரோக்கியமான ஒருவரைக் கொண்டுவந்து ஐந்து வாரம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பினால் அவரும் அழுவார், அவருக்கும் வேண்டாத காட்சிகள் வரும். உங்களுக்கு வயிற்றில் தையல் வேறு. நான் உங்களுக்கு எழுதித் தரக்கூடிய மருந்துகளில் முதலாவது தூக்கம்தான். துண்டு துண்டாக எட்டு மணி நேரம் கிடைத்து என்ன பயன்? விடாமல் நான்கு மணி நேரம் வேண்டும்.

இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் கொடுங்கள். தம்பி, உங்களுக்கு வேலை இருக்கிறது, காலையில் எழ வேண்டும், புரிகிறது. உங்கள் மனைவிக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. வேறு எந்த அறுவை சிகிச்சை நடந்த ஒருவரையும் ஒரு வீட்டில் இரவெல்லாம் தனியாக எழுந்து நடமாட விடமாட்டோம். இன்று இரவு 9.40-க்கு அவர் பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம், துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். இடையில் குழந்தை பசித்து எழுந்தால் முன்பே எடுத்து வைத்த தாய்ப்பாலைக் கொடுங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் கெடாது. பால் எடுத்து வைக்க முடியவில்லையா, குழந்தையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்; அவர் எழுந்திருக்கவே வேண்டாம். எடை நன்றாக ஏறும் ஐந்து வாரக் குழந்தையை, மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, இரவில் பாலுக்காக எழுப்ப வேண்டியதில்லை. உங்கள் தூக்கம் முதல் பாதியில் கெட்டால் பின் பாதியில் கிடைக்கும். அவருக்கு இதுவரை இரண்டு பாதியிலும் கிடைக்கவில்லை.

களைப்போடு தொடர்புள்ள ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுத்தபடியே தூங்கிவிடாதீர்கள். குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டலாம். குழந்தை எப்போதும் மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கையில், தலையணையும் பொம்மையும் தடித்த போர்வையும் இல்லாமல் தூங்க வேண்டும். கண் சொருகுகிறது என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிக் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

இனி உடம்பு. பிள்ளை பெற்றவளை நாம் ‘பச்சை உடம்பு’ என்கிறோம். மருத்துவம் படித்த பிறகு அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், அது பிரிந்ததும், கருப்பைக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைப் புண்ணாக இருக்கிறது. உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், அவ்வளவு பெரிய புண். கையிலோ காலிலோ இருந்தால் கட்டுப் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு வாரத்தில் அது மூன்று நான்கு சென்டிமீட்டராகச் சுருங்கும், முழுவதும் ஆற ஆறு வாரம் வரை ஆகும். பிரசவம் முடிந்ததும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருந்த கருப்பை அதே ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். ‘ஆறு வாரம்’ என்ற கணக்கு பெரும்பாலும் இந்தக் கருப்பையின் கணக்குதான். தசைக்கும் தையலுக்கும் மனதுக்கும் யாரும் அந்தக் கெடுவை விதிக்கவில்லை.

ஆறிவரும் அந்தப் புண்தான் உங்கள் உதிரப்போக்குக்குக் காரணம். முதல் சில நாள் சிவப்பு, பிறகு பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை என்று மாறி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் நிற்கும். பாரம் தூக்கிய அன்று மறுபடி லேசாகத் தெரிந்தது உடம்பு உங்களுக்கு எழுதிய குறிப்பு. இப்போதைக்கு உங்கள் குழந்தையைவிட கனமான எதையும் தூக்காதீர்கள். ஓரிரு நாளில் அடங்கிவிட்டால் கவலையில்லை. துர்நாற்றம் வந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

தையலுக்கு மேலே மரத்துப்போயிருப்பது, தோலைக் கீறும்போது அங்குள்ள மெல்லிய நரம்புகள் அறுபடுவதால். மாதக்கணக்கில் மெல்ல உணர்வு திரும்பும். சிலருக்கு ஒரு சிறு பகுதி மரத்தே இருந்துவிடும், அதனால் தீங்கில்லை. வெளித்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிட்டதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கிறார்கள். தோலுக்குக் கீழே கொழுப்பு, தசையைப் போர்த்திய கெட்டியான சவ்வு, அதற்கும் உள்ளே கருப்பையின் சுவர் என்று அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறோம். அந்தச் சவ்வு வலுப்பெற மாதங்கள் ஆகும். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள். தும்மும்போதும் இருமும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

தும்மினால் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் வாழ்நாள் முழுக்க மறைத்துவிடுகிறார்கள்; எனக்கு அது மிகுந்த வருத்தம். ‘சிசேரியன்தானே, எனக்கு ஏன்?’ என்று கேட்பார்கள். ஒன்பது மாதம் பாரத்தைத் தாங்கியது இடுப்புத் தளத்துத் தசைகள்தான், குழந்தை எந்த வழியாக வந்தாலும் அவை தளர்ந்திருக்கும். அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் விளக்கிய பயிற்சிதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதாக நினைத்துக்கொண்டு அந்தத் தசைகளை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். ஐந்து வினாடி பிடித்து, ஐந்து வினாடி முழுவதும் தளர்த்துங்கள். வயிறும் தொடையும் அசையக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. பத்து முறை செய்தால் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. பிடிக்கும் நேரத்தை மெல்லப் பத்து வினாடியாகக் கூட்டலாம். பால் கொடுக்க உட்காரும்போதே செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லையென்றால் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நீங்கள் கேட்காத மூன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இவை வரும்போது யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி மொத்தமாக உதிர்வதுதான், ஓராண்டுக்குள் வளர்ந்துவிடும். தாம்பத்திய உறவுக்கு ஆறாவது வாரம் என்ற தேதி எதுவும் கிடையாது. உதிரப்போக்கு நின்று, வலி இல்லாமல், உங்களுக்கு மனம் வந்தால்தான். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சியும் எரிச்சலும் இருக்கும், அதற்குக் களிம்புகள் உண்டு. கருத்தடை பற்றி அடுத்த வாரமே பேசிவிடுங்கள். மாதவிலக்கு வராததை நம்பி இருக்க வேண்டாம், அதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். தாய்ப்பாலை மட்டும் நம்புவதென்றால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். அடுத்த குழந்தைக்கு முயல்வதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கருப்பைத் தழும்பு உள்ள உங்களுக்கு அது கூடுதல் அவசியம்.

எதற்கெல்லாம் நேரம் பார்க்காமல் ஓட வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, தையலில் சீழ் வைத்தாலோ. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி; கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை அது எகிறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதன் அடையாளமாக இருக்கலாம். குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, பச்சையாக வாந்தி எடுப்பது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்து மருந்து கொடுத்துப் பார்க்கவே கூடாது.

தாயை முதல் 24 மணி நேரத்தில், 48-இலிருந்து 72 மணி நேரத்துக்குள், 7-இலிருந்து 14 நாளுக்குள், பிறகு ஆறாவது வாரத்தில் என்று குறைந்தது நான்கு முறை பார்க்க வேண்டும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நடுவில் இருக்கும் அந்தச் சந்திப்புகள் உங்களுக்குக் கிடைத்தனவா என்று தெரியவில்லை. எப்படியானாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நாளை காலை மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்யுங்கள். என்ன சொல்வது என்று வார்த்தை வராமல் போனால் இதை அப்படியே படியுங்கள்: ‘எனக்குப் பிரசவமாகி ஐந்து வாரம். தினமும் அழுகிறேன். குழந்தைக்கு ஏதோ ஆவது போலப் பயமுறுத்தும் காட்சிகள் வருகின்றன. இன்றோ நாளையோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.’ உள்ளே போனதும் பின்குறிப்பை முதலில் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவுடனே சொல்லுங்கள், கதவு வரை போய்த் திரும்ப வேண்டாம்.

நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்று இரவிலிருந்து அதில் நேர்கோடு ஒன்று இழுத்து, வலது பக்கம் உங்கள் பெயரை எழுதுங்கள். நீங்கள் தூங்கிய நேரம், உட்கார்ந்து சாப்பிட்ட நேரம், அழுத நேரம், மூன்றையும் அங்கே குறியுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். முதலில் வலது பக்கத்தைத்தான் படிப்பேன்.